ஆலோசனைக்குக் கூலி யார் தருவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், கிள்ளானில் மருந்தகம் நடத்தும் மருந்தாளுநர் ஆற்றிய உரை)



அக்கம்பக்க மருந்தகங்களின் சேவைக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. நானே மருந்தகம் நடத்துகிறவன். ஆகவே இதில் எனக்குச் சொந்த நலன் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கடைக்கு வந்தார். "தம்பி, தலை சுத்துது, கை நடுங்குது. ஏதாச்சும் சத்து மாத்திரை குடுப்பா" என்றார். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை அப்படியே முகப்பில் கவிழ்த்தார். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது ஒரு கட்டு. வீட்டருகே தனியார் கிளினிக்கில் வாங்கியது இன்னொரு கட்டு. இரண்டிலும் இனிப்புநீர் மாத்திரை இருந்தது. ஒன்றின் மேல் ஒரு பெயர், மற்றொன்றின் மேல் வேறொரு பெயர், உள்ளே இருப்பதோ ஒரே கிளிக்லசைட். வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை 3.2. நான்குக்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். பக்கத்துக் கடையில் சர்க்கரை போட்ட தே ஓ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்து, மீண்டும் இரண்டு முறை சோதித்து, மகனை வரவழைத்து, மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதி, இன்றைக்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தேன். இரண்டு மருத்துவர்கள் மீதும் குற்றமில்லை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அந்த அம்மாவும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. அன்று அவரிடம் எனக்குக் கிடைத்த வருமானம் ஒரு காசு இல்லை. அவர் கேட்ட சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் ஐம்பது அறுபது வெள்ளிக்கு வியாபாரம் முடிந்திருக்கும். நேயர்களே, நான் பேச வந்த விஷயம் இதுதான். மருந்தாளுநர் சரியான ஆலோசனை சொன்னால் நட்டம், பொருளை விற்றால் லாபம் என்று இந்தத் தொழில் அமைந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடத்தில் கடை வாடகை என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்த வாடகையைப் பால்மாவும் ஷாம்பும் வைட்டமினும்தான் கட்டுகின்றன. எல்லா மருந்தாளுநரும் எல்லா நாளும் சத்தியவான்களாக இருப்பார்கள் என்று நம்பி ஒரு சுகாதார முறையை நடத்த முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதே வேலையை அரசாங்க மருத்துவமனையில் ஒரு மருந்தாளுநர் செய்தால் அது மதிப்புள்ள சேவை. 2004-ஆம் ஆண்டு முதல் அங்கே மருந்தை ஒழுங்காக உட்கொள்ள வழிகாட்டும் தனிக் கிளினிக்குகள் நடக்கின்றன. நோயாளியை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் நோயாளி அங்கே போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களிடம் நெரிசலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நம் சமுதாயத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் ஆறில் ஒருவர் என்று சற்றே இறங்கியிருப்பது ஆறுதல். ஆனாலும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000-க்கும் மேல். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது இனிப்புநீரால். தனியார் நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சந்தாதாரருக்குச் சொக்சோ பணம் கட்டுகிறது. தொண்டு அமைப்புகளின் நிலையங்களுக்கு அரசாங்க மானியம் உண்டு. கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். சிறுநீரகம் போன பிறகு வெளியாருக்குப் பணம் கொடுக்க வழி இருக்கிறதே, போவதற்கு முன் கொடுக்க ஏன் வழியில்லை?

தபாலில் மருந்து வருகிறது, காரில் இருந்தபடியே வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சுகாதார அமைச்சின் இந்த ஏற்பாடுகளை நான் பாராட்டுகிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், போன மாத மாத்திரை ஏன் பாதி மிச்சம் இருக்கிறது என்று தபால் பொட்டலம் கேட்காது.

இனி மருத்துவர்கள் விஷயம். 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க அனுமதிக்கிறது. மருந்து கொடுப்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று எங்கள் தரப்பு பல்லாண்டுகளாகக் கேட்கிறது. இன்று நான் அதைக் கேட்க வரவில்லை. தென்கொரியாவில் 2000-இல் இரண்டையும் பிரித்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இங்கே 2025 மே முதல் தேதி மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கும் ஆணை வந்தது. அதே மாதம் தனியார் மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என்று 2006-இல் விதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மருந்து விற்றுத்தான் கிளினிக்கை நடத்த வேண்டியிருந்தது. ஆக, அவர்களுக்கும் எங்களுக்கும் பிடித்திருப்பது ஒரே நோய்!

வெளிநாட்டு அனுபவம் இரண்டு சொல்கிறேன். ஆஸ்திரேலிய அரசாங்கம் மருந்தகங்களோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போடுகிறது; 2024 ஜூலையில் தொடங்கிய எட்டாவது ஒப்பந்தம் 26.5 பில்லியன் டாலர். இங்கிலாந்தில் தொண்டை வலி, காதுவலி போன்ற ஏழு சிறு நோய்களுக்கு மருந்தகத்திலேயே ஆலோசனை பெறும் திட்டம் 2024 ஜனவரி கடைசியில் வந்தது. ஓர் ஆலோசனைக்கு 15 பவுண்டு என்று அரசாங்கமே கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அதே இங்கிலாந்தில் ஒரு பாடமும் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய மருந்துப் பரிசீலனைத் திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 28 பவுண்டு, ஒரு கடைக்கு ஆண்டுக்கு 400 வரை என்று வைத்தார்கள். தேவைப்படும் நோயாளியைத் தேடாமல் எண்ணிக்கையை நிரப்பும் வேலையாகிவிட்டது என்று குறை கிளம்பி, கடைசியில் அதைக் கைவிட்டார்கள். தலையை எண்ணிக் காசு கொடுத்தால் தலைதான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் செய்து பார்க்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் நோய் கட்டுக்குள் இருக்கும் இனிப்புநீர், இரத்த அழுத்த நோயாளிகள், விருப்பமிருந்தால் ஒரே ஒரு மருந்தகத்தில் பெயர் பதியட்டும். மருந்து அரசாங்கத்தினுடையது, அதில் எங்களுக்கு ஒரு காசு லாபம் வேண்டாம். மாதந்தோறும் மருந்தைக் கொடுத்து, அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதி, வராதவரைத் தொலைபேசியில் அழைத்து, கோளாறு தெரிந்தால் மருத்துவருக்கு எழுதுவதற்கு மட்டும், ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். மருந்துப் பொட்டலத்தில் உள்ள மலாயையும் ஆங்கிலத்தையும் படிக்க முடியாத நம் பெரியவர்களுக்கு நான் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன். அதுவும் இந்தச் சேவையில் சேரட்டும். அந்த நேரத்தில் நோயாளிக்கு வேறு எந்தப் பொருளையும் விற்கக்கூடாது என்று கண்டிப்பாக எழுதுங்கள். மீறுகிற கடையை நீக்குங்கள்.

பணம் எங்கே என்று கேட்பது நியாயம். 2026-க்கான சுகாதார ஒதுக்கீடு 46.5 பில்லியன் வெள்ளி; அது போதாது என்று அமைச்சே சொல்லும். 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, தனியாரிடமிருந்தும் சேவையை வாங்கலாம் என்கிறது. அதே ஆண்டில் வந்த மடானி மருத்துவத் திட்டத்தில் தனியார் கிளினிக்குகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தக் கதவை மருந்தகத்துக்கும் ஓரளவு திறந்தால் போதும்.

மணியைப் பார்க்கச் சொல்லி நெறியாளர் சைகை காட்டுகிறார். நேயர்கள் அடுத்த முறை கிளினிக்குக்கோ மருந்தகத்துக்கோ போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கூலி வருகிறதோ இல்லையோ, என் கடையில் அந்தப் பையைப் பார்த்துச் சொல்வேன்.