பீலிக்கரையில் ஒரு பாடம்

(நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டப் பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்த கையோடு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறோம்.

ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கிறது. மேல் வகுப்பில் அது விஞ்ஞானப் பாடத்தோடு சேர்ந்து வருகிறது. அதற்காகப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றதும், "பஸ்ஸுக்கு எவ்வளவு?" என்றுதான் பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பேராதனைப் பூங்காவையும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையும் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காசு சேரும் வரைக்கும் பாடம் நிற்கலாமா? வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற காடு நம்ம லயத்துக்குப் பின்னால் நிற்கிறது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். அதைச் சுற்றியுள்ள காடு 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் வாசலில் பிறந்த பிள்ளை காட்டைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறது!

முதல் பயணம் பீலிக்கரைக்கு. ஐந்து நிமிட நடை. மழைக்கு முன்னால் ஒரு போத்தல் தண்ணீர், பெருமழைக்குப் பிறகு ஒரு போத்தல். இரண்டையும் இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருக்கும் மண்ணை அடிமட்டத்தால் அளக்கலாம். அந்த மண் எங்கிருந்து வந்தது? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்தா, தூர்ந்துபோன கானிலிருந்தா, நம்ம மரக்கறிப் பாத்தியிலிருந்தா? இதற்கு விடை புத்தகத்தில் இல்லை. கான் வெட்டிய தாத்தாவிடம் கேட்க வேண்டும். நாற்பது வருசம் அந்த மலையில் ஏறி இறங்கியவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அவரையும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியராகக் கூப்பிடுங்கள் என்பது எமது எண்ணம்.

இனி அந்தத் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். பீலியிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து மஸ்கெலி ஓயாவுக்கு, அங்கிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு. இதுவரை பிள்ளைகள் கண்ணால் பார்த்த இடம். அதற்கப்புறம் கால் போகாது. அங்கேதான் கைப்பேசி வேண்டும். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு போன் வாங்கச் சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு போன் போதும். கூகுள் ஏர்த்தில் மவுசாக்கலையைத் தேடி, ஆற்றின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போகலாம். கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று மின்நிலையங்கள் வரும். பிறகு கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி ஆறு ஆகும். அம்பத்தலையில் அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மிச்சம் மட்டக்குளியில் கடலில் விழுகிறது. மொத்தம் சுமார் 145 கிலோமீற்றர். இதே மலையின் மறுபக்கம் விழும் மழை களு கங்கையாகி களுத்துறைக்குப் போகிறது.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை மலைக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பொலித்தீன் உறை மழையோடு எந்தப் பக்கம் போகும் என்று இப்போது பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

மவுசாக்கலையில் இன்னொரு பாடமும் கிடக்கிறது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் எச்சம் வெளியே தெரியும். ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று, தண்ணீர் எதுவரைக்கும் நிற்கிறது என்று கொப்பியில் வரைந்து வந்தால் வருச முடிவில் மழையின் கணக்கு கையில் இருக்கும்.

அடுத்து, ஐயாமாருக்குக் கொஞ்சம் கசப்பான விசயம். 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் சுருக்குக் கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி செத்துப்போனது. கருஞ்சிறுத்தை வேறு சாதி இல்லை. நம்ம காட்டுச் சிறுத்தைதான், நிறம் மட்டும் கறுப்பாகப் பிறந்தது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் புள்ளிகூடத் தெரியும். இலங்கைச் சிறுத்தை உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத கிளையினம்.

கம்பி கட்டுகிறவர் சிறுத்தைக்குக் கட்டுவதில்லை, பன்றிக்குத்தான் கட்டுகிறார். மூன்று மாசம் பாடுபட்ட பாத்தியை ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போனால் வயிறு எரியாதா? எரியும். ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. பன்றி, சிறுத்தை, நம்ம நாய், கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவின் கால் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இதில் பிள்ளைகளுக்கு நல்ல வேலை இருக்கிறது. ஒரு பெரிய தாளில் லயம், குப்பைக்குழி, மரக்கறித் தோட்டம், காட்டோரம் எல்லாவற்றையும் வரைய வேண்டும். நாய்கள் கூடும் இடத்தைக் குறிக்க வேண்டும். ஈர மண்ணில் தடம் பார்க்கலாம்: நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பன்றிக்குப் பிளந்த குளம்பு. குப்பைக்கு நாயும் பன்றியும் வருகின்றன, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. இந்தச் சங்கிலி தாளில் தெரிந்துவிட்டால், முதலில் மூட வேண்டியது எந்தக் குழி என்று பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். பன்றித் தொல்லை அதோடு முழுசாகத் தீரும் என்று நாம் சொல்ல வரவில்லை. குறையும்.

ஒழுங்குகள் சில. மருந்து அடிக்கிற மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. மழை இருட்டினால் ஓடைப் பக்கம் வேண்டாம். நாலு மணிக்குப் பிறகு காட்டோரம் போகவே கூடாது, தடத்தைப் பின்தொடரவும் கூடாது. கம்பியைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் நல்லதண்ணி வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். போக விருப்பமான தாத்தாமார், அப்பாயிமார் பெயரைப் பிள்ளைமடுவத்தில் கொடுங்கள். முதல் நடை வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மேல் லயத்துப் பீலியிலிருந்து. ஆளுக்கு இரண்டு போத்தல், ஒரு கொப்பி, ஒரு பென்சில். வெறும் போத்தலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும்.