வியட்நாமும் நாமும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வளரும் நாடுகள் ரெண்டை ஒப்பிட்டு ஒரு கால் மணி நேரம் பேசுப்பா, நீதான் வெளிநாட்டுல இருந்தவனாச்சே" என்றார் செயலாளர். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. மெக்கானிக்கல் படித்தவன். அதிலும் இரண்டு அரியர் வைத்து முடித்தவன். அந்த அரியருக்குக் காரணமான பேராசிரியரும் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஆகவே புத்தகத்தில் படித்ததைவிட, தொழிற்சாலையில் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இன்றைய மாணவர்களுக்கு அந்த ஊர் என்றால் சிப்காட், ஷிப்ட் பஸ், ஹூண்டாய். எங்கள் காலத்தில் பெங்களூர் சாலையில் ஏரியும் வயலும் பொட்டல் காடும்தான். கார் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. அதுவும் 1990-ல் வந்தது. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்று உலகம் அறிந்திருந்த அந்த ஊரை, 1991 மே 21-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று அறிந்துகொண்டது. அந்த ஆண்டு யாராவது, "இந்த ஊருக்கு உலகத்துக் கம்பெனியெல்லாம் வரும்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் இரண்டே மாதத்தில், ஜூலை 24 அன்று, மன்மோகன் சிங் தாக்கல் செய்த பட்ஜெட் நாட்டின் கதவைத் திறந்தது.

வியட்நாம் நமக்கு 5 ஆண்டு முந்திக்கொண்டது. 1986 டிசம்பரில் அங்கே 'தோய் மோய்' என்ற சீர்திருத்தத்தைத் தொடங்கினார்கள். புதுப்பித்தல் என்று பொருள். பல ஆண்டுப் போரில் நொறுங்கிய நாடு அது. விலைவாசி பல நூறு சதவீதம் ஏறிக்கிடந்தது. அரிசிக்கே பிறரிடம் கையேந்தியவர்கள், 1989-ல் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டார்கள். அமெரிக்கா 1994-ல் வணிகத் தடையை நீக்கியது. 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் வியட்நாம் சேர்ந்தது. அதன்பின் நடந்ததெல்லாம் நாலுகால் பாய்ச்சல்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014-ல் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு பிரிவு தொடங்க நினைத்தது. காருக்குள் ஓடுகிற ஒயர்க்கட்டு, அதாவது வயரிங் ஹார்னஸ் செய்யும் பிரிவு. சுமார் 300 பேருக்கு வேலை. இருங்காட்டுக்கோட்டையிலா, வியட்நாமில் ஹாய்போங் துறைமுகத்துக்குப் பக்கத்திலா? போய்ப் பார்த்து அறிக்கை கொடு என்று என்னை அனுப்பினார்கள். ஆறு வாரம் அங்கே இருந்துவிட்டு வந்து 11 பக்க அறிக்கை எழுதினேன். கூலி, மின்சாரம், துறைமுகம், வரி, தொழிலாளர் என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தால் ஹாய்போங் ஜெயித்தது. பிரிவு அங்கே போனது. அதை நடத்த நானும் போனேன். மூன்று ஆண்டு இருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், லைனில் வேலை செய்த திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். கை வேகத்தில் அவனை மிஞ்ச எங்கள் பட்டறையில் ஆள் கிடையாது. புதுப் பிரிவு வந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று காத்திருந்தவன். "சார், அங்க பசங்க நம்மள விட நல்லா வேலை செய்வாங்களா?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். இன்றைக்கு நான் பேசுவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

திருக்குறளில் 'நாடு' என்றொரு அதிகாரம் உண்டு. நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், பாதுகாப்பு என்று ஐந்தை நாட்டுக்கு அணிகலன் என்கிறார் வள்ளுவர். என் 11 பக்க அறிக்கையில் இந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் கட்டம் இருந்தது. மற்ற நான்கையும் சேர்த்து இப்போது பார்ப்போம்.

முதலில் செல்வம். 2024-ல் வியட்நாமில் தலைக்கு வருமானம் ஏறத்தாழ 4,700 டாலர். இந்தியாவில் 2,700 டாலர். 10 கோடி மக்கள் உள்ள அந்த நாடு அந்த ஆண்டு 405 பில்லியன் டாலருக்குப் பொருள் ஏற்றுமதி செய்தது. 140 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாம் 2024-25-ல் செய்தது 437 பில்லியன். கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு நிமிடம். இந்த ஒப்பீடே சரியில்லை. இந்தியா ஒரு கண்டம் மாதிரி. வியட்நாமைத் தமிழ்நாட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாநிலத்தின் தலைவருமானம் 2023-24-ல் 3 லட்சம் ரூபாயைத் தாண்டியது. டாலரில் சுமார் 3,700. வியட்நாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் மட்டும் 2024-25-ல் தமிழ்நாடு 14.65 பில்லியன் டாலரைத் தொட்டது. அதில் பெரும்பங்கு நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து உழைப்பு.

அடுத்தது விளைச்சல். யாருடைய விளைச்சல் என்று கேட்க வேண்டும். வியட்நாமின் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் அந்நியக் கம்பெனிகளுடையது. வெளியிலிருந்து வரும் பாகத்தைப் பூட்டி அனுப்புவதுதான் பாதி வேலை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 46 சதவீத வரி என்று அறிவித்தபோது ஹனோயில் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. பிறகு பேசிப் பேசி அதை 20 ஆக்கினார்கள். அதே ஆகஸ்டில் நமக்கு 50 ஆனது. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். அடுத்தவன் சந்தையை நம்பி வாழ்கிற பயம் இரண்டு பேருக்கும் பொதுதான். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014-ல் மூடியதைப் பார்த்தவர்கள் நாம். வந்த கம்பெனி என்றைக்கும் நம்முடையது என்று நினைக்கக் கூடாது.

மூன்றாவது பாதுகாப்பு, இன்றைய மொழியில் ஸ்திரத்தன்மை. அங்கே ஒரே கட்சி ஆட்சி. ஆகவே உறுதி என்று முதலாளிகள் சொல்வார்கள். நானும் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து 2024 மார்ச்சுக்குள் அங்கே இரண்டு ஜனாதிபதிகள் பதவி விலகினார்கள். ஏன் என்பதை மக்கள் அரைகுறையாகத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. இங்கே பாருங்கள். ஹூண்டாய்க்கு 1996 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ வந்தது. அதற்குள் டெல்லியில் தேவ கவுடா, குஜ்ரால், வாஜ்பாய் என்று மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். தொழிற்சாலை நிற்கவில்லை. அதே நாட்டில் மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் ஒரு அடிக்கல், 2012-ல் வேலை நிறுத்தம், 2022-ல் இன்னொரு அடிக்கல்! ஆள் மாறுவதால் நாடு ஆட்டம் காண்பதில்லை. ஆரம்பித்த வேலையை அடுத்தவர் தொடராதபோதுதான் ஆட்டம் காண்கிறது.

இன்னொன்று. வியட்நாமில் எல்லாத் தொழிற்சங்கமும் ஒரே தேசியக் கூட்டமைப்பின் கீழ்தான் இயங்க வேண்டும். இங்கே 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. தொழிலாளர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடுகிறார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் இந்த மேடையில் சொல்ல வரவில்லை. வலிக்கிறவன் "வலிக்கிறது" என்று உரக்கச் சொல்ல முடிகிறதே, அதற்கு என் அறிக்கையில் கட்டமே இல்லை. இருந்திருந்தால் நமக்குக் கூடுதல் மதிப்பெண்.

நான்காவது நோயின்மை. இதில் தமிழ்நாடு தலைகுனிய வேண்டியதில்லை. 2020-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. வியட்நாமும் ஏறத்தாழ நம் அளவுதான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாக்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஐந்தாவது இன்பம். வாழ்க்கைத் தரம் என்று வைத்துக்கொள்வோம். ஹாய்போங்கில் என் லைனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கேயும் வயதில் மூத்தவர்களை அண்ணன், அக்கா என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு 'தெத்'. அந்த வாரம் ஆலையே காலி. வாடகை அறையில் தங்கி, பிள்ளையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டு வந்தவர்கள் நிறைய. ஆனால் ஒரு வித்தியாசம். கல்யாணமாகி, குழந்தை பெற்று, மறுபடி அதே பெஞ்சுக்கு வருகிறார்கள். வேலை வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். இந்தியாவில் 2023-24 கணக்குப்படி 100-க்கு 42 பேர்கூட இல்லை. நாட்டின் தொழிற்சாலைப் பெண்களில் 10-க்கு 4 பேர் தமிழ்நாட்டில் என்பது நமக்குப் பெருமை. ஆனால் நம் சிப்காட் பெண்கள் பலர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் "சார், கல்யாணம்" என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வருவதில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் உடல்நலம் கெட்டார்கள் என்று நூற்றுக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அது நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். நல்லது. ஆனால் விடுதி என்பது கல்யாணம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வீடும், குழந்தைக் காப்பகமும் வேண்டாமா?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "அங்க பசங்க நம்மள விட நல்லா வேலை செய்வாங்களா?"

என் அறிக்கையில் 'தொழிலாளர் தரம்' என்ற கட்டத்தில் வியட்நாமுக்கு 'நன்று', நமக்கு 'சுமார்' என்று எழுதினேன். எதை வைத்து? வரைபடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 450 மில்லிமீட்டர், கூடக் குறைய 5 என்று போட்டிருந்தால் எது தேறும், எது தேறாது? ஹாய்போங் பெண்கள் அதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் ஆனது. கையில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. கூட்டல் கழித்தலும் தசம எண்ணும் பள்ளிக்கூடத்தில் யாரும் அவர்களுக்குப் புரியவைக்கவில்லை. பாஸ் மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இது என் ஒருவனின் அனுபவம் என்று நினைக்காதீர்கள். பீசா என்று 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். 2009-ஐ ஒட்டி நடந்த சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 இடங்களில் நம் இருவருக்கும் கீழே கிர்கிஸ்தான் மட்டும். அதோடு நாம் போவதையே நிறுத்திக்கொண்டோம்! வியட்நாம் 2012-ல் முதல்முறை போனது. 65 இடங்களில் கணக்கில் 17-வது, அறிவியலில் 8-வது. அமெரிக்காவுக்கு மேலே! அப்போது அங்கே அந்த வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்துக்கொண்டாலும் பாடம் பாடம்தான். ஏழையாக இருந்தபோதே எட்டாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த நாடு அது. கப்பலும் கம்பெனியும் பிற்பாடு வந்தன.

தம்பி, அவர்கள் உன்னைவிட நன்றாக வேலை செய்யவில்லை. உனக்குக் கிடைக்க வேண்டிய பாடம் அவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அதை அன்றைக்கே அறிக்கையில் எழுதி, "மூன்று மாதம் கணக்குப் பயிற்சி கொடுத்தால் இங்கேயே நடத்தலாம்" என்று நான் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. 'சுமார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு 300 பேர் வேலை விலை.

மாணவர்களே, நீங்களும் நாளைக்கு இப்படி அறிக்கை எழுதுவீர்கள். கட்டம் போடும்போது, "இது ஏன் இப்படி?" என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். காலமும் மாறிவருகிறது. வியட்நாமின் வின்பாஸ்ட் கம்பெனி 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் ஆலை திறந்தது. போன கணக்கு திரும்பியும் வரும். வரும்போது நம் பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும்.

நண்பர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்லூரி வாசலில் நினைவு வளைவு கட்ட சங்கம் நிதி திரட்டுகிறது. நானும் கொடுத்திருக்கிறேன். வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓராண்டு தள்ளிப்போகட்டும். அரசு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்று சின்ன வகுப்புகளுக்குத் திட்டம் தொடங்கியது. ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளைச் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் நாம் எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கணக்கு மட்டும். வரைபடமும் ஸ்கேலும் ஒயரும் கையில் கொடுத்துச் சொல்லித்தருவோம். இப்போதைய மாணவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். செலவை நாம் ஏற்போம். முதல் பள்ளிக்கு ஓராண்டுச் செலவு என்னுடையது. சனிக்கிழமை வகுப்புக்கு நானும் வருகிறேன். அரியர் வைத்தவனுக்குத்தான் எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது தெரியும்.

அந்தத் தம்பி இப்போது ஒரகடத்தில் வேன் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு மகள், ஆறாம் வகுப்பு.