தொக்கமா? வைத்தியமா?

(தாய்மார்கள் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



குழந்தை பாலைக் கக்கினால் நம்மூரில் முதலில் தேடப்படுபவர் யார்? தொக்கம் எடுப்பவர். அவர் வயிற்றைத் தடவி, ஊதி, ஏதோ ஒரு துணுக்கைக் காட்டி, இதுதான் தொண்டையில் சிக்கியிருந்தது என்பார். நாம் கேட்கின்றோம்: பாலைத் தவிர வேறொன்றையும் விழுங்காத பச்சைக் குழந்தையின் தொண்டைக்குள் அந்தத் துணுக்கு எப்படிப் போயிற்று?

உண்மை என்னவென்றால், உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்திலுள்ள தசை வளையம் பச்சைக் குழந்தைக்கு இன்னும் சரிவர இறுகவில்லை. ஆகவே பால் மேலே வருகின்றது. எடை ஏறி, சிரித்து விளையாடும் குழந்தைக்கு அது நோயேயல்ல. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே நின்றுவிடும். தானே நிற்பதற்குத்தான் தொக்கக்காரர் பெயர் வாங்குகிறார்!

ஆனால் எடை ஏறாவிட்டாலோ, பச்சையாகவோ இரத்தமாகவோ கக்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, ஒரு கணமும் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும். இங்கே தொக்கத்துக்குச் செலவழிக்கும் நேரம் குழந்தையின் உயிராகும்.

மருந்துக்கும் அடங்காத சில குழந்தைகளுக்கே ஆபரேஷன். இரைப்பையின் மேல்பாகத்தை உணவுக்குழாயைச் சுற்றி வளைத்துத் தைக்கும் முறையை 1956-ல் வெளியிட்டவர் ருடால்ஃப் நிஸ்ஸன். யூதப் பிறப்பென்ற காரணத்தால் 1933-ல் ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர். பிறப்பைப் பார்த்தவர்களுக்கு அவர் அறிவு தெரியவில்லை! அதே ஆபரேஷனைச் சிறு துளைகள் வழியே, காமிராவின் துணையால் செய்யும் முறை 1991-ல் வெளியாயிற்று. காயம் சிறிது, நோவும் குறைவு.

விழுங்கவே இயலாத குழந்தைக்கு என்ன வழி? 1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற டாக்டர்கள், எண்டோஸ்கோப்பை வாய்வழியே இறக்கி, வயிற்றைப் பெரிதாய்க் கிழிக்காமலே இரைப்பைக்குள் குழாய் வைத்தனர். இன்று அக்குழாயால் பசியாறும் குழந்தையைத் தலைவிதியென்று மூலையில் ஒளிப்பது நியாயமா? கண் மங்கினால் கண்ணாடி போடுவது பாவமானால் இதுவும் பாவந்தான்.

இவற்றிலும் குறையில்லையென்று நாம் சொல்லவில்லை. தையல் தளரலாம், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பலாம், குழாயடியில் புண் காணலாம். ஆகவே டாக்டரையும் கேளுங்கள்: ஏன் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்னவாகும்? பதில் சொல்லக் கடமைப்பட்டது வைத்தியம். கேட்டாலே கோபிப்பது தொக்கம். எதை நம்புவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.