சுவர் இடிந்தது, மனம் இடிந்ததா?

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மனிதனின் மனப்பான்மை அவனது வாழ்வையும், அவன் பிறரைக் காணும் பார்வையையும் எவ்வாறு உருவாக்குகிறது என்று சிந்திக்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் புதுவை மிஷன் வீதியில் நிற்கும் அமலோற்பவ மாதா பேராலயத்தின் வரலாறே போதும்.

அதனை நாம் சம்பா கோவில் என்கிறோம். முன்னாளில் இயேசு சபைக் குருக்கள் அங்கு எழுப்பிய ஆலயம் புனித சின்னப்பர் பெயரைத் தாங்கியது. பிரெஞ்சு மொழியில் 'சேன் போல்'. அதுவே மக்கள் நாவில் 'சம்பா' என மருவிற்று. அந்தப் பழைய ஆலயத்தினுள் ஒரு சுவர் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒருபுறம். சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மறுபுறம். பீடம் ஒன்று, பலி ஒன்று, நடுவிலே சுவர்!

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் அந்தச் சுவரைக் கண்டு பொறுக்கவில்லை. அவர் தூண்டுதலால் ஒதுக்கப்பட்ட மக்கள் பெரிய குருவிடம் சென்று, ஆண்டவர் தம் அடியாரிடையே வேற்றுமை பாராட்டுவாரோ என்று முறையிட்டனர். அதன் நியாயத்தை அவர் ஏற்றார், சுவர் இடிக்கப்பட்டது. ஆனால் மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். முடிவில், பிரிவினையைக் காட்ட நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. சுவர் போயிற்று, நாற்காலி வந்தது!

1761-ல் ஆங்கிலேயர் புதுவையைத் தகர்த்தபோது அந்த ஆலயமே அழிந்தது. இன்றுள்ள பேராலயம் 1791-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. கல்லும் சுண்ணாம்பும் மண்ணோடு மண்ணாயின. ஆனால் அந்த மனப்பான்மை மட்டும் சாகவில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று நம் காலம் வரை அது தொடர்ந்து வந்தது. இனம், நிறம், சமூக நிலை பற்றிய வேற்றுமை எதுவும் இறைவனின் திட்டத்துக்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. அதன்பின் 38 ஆண்டுகள் கழித்து, 2003-லும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது.

சின்னப்பர் பெயரால் அமைந்த கோவிலில் இது நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தமஸ்கு வழியில் ஆண்டவர் தடுத்து நிறுத்தும் வரை, சவுல் கிறிஸ்தவர்களைப் பகைவராகவே கண்டார். கண் திறந்திருந்த காலத்தில் அவர் காணாத சகோதரர்களைக் குருடரான பிறகே கண்டார். அவரிடம் அனுப்பப்பட்ட அனனியாவோ முதலில் அஞ்சினார். ஆயினும் வீட்டினுள் சென்று அவர் மேல் கைகளை வைத்து, சகோதரா என்றே அழைத்தார். ஒருவருடைய மனப்பான்மை மாறியதால் திருச்சபைக்கு ஓர் அப்போஸ்தலர் கிடைத்தார்.

அன்பர்களே, சுவரை எழுப்பியவன் எதிரில் உள்ளவனை மட்டும் ஒதுக்கவில்லை. தன்னையும் சிறை வைத்துக்கொள்கிறான். புதிதாகப் பங்குக்கு வந்தவர் பெயரைச் சொன்னதும், "எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று நாம் ஏன் துருவுகிறோம்? திருப்பலியில் சமாதானம் தெரிவித்த கை, திருமணப் பந்தியிலும் துக்க வீட்டிலும் ஏன் தயங்குகிறது? பங்கின் பொறுப்புகளுக்கு ஆட்களைத் தேடும்போது நம் கண் ஏன் சில வீடுகளைத் தாண்டிச் செல்கிறது?

யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு. கொடியேற்றமும் தேர்பவனியும் நன்றே. அத்துடன், இதுவரை நாம் வாசல்படி மிதியாத ஒரு வீட்டுக்கு இந்த ஆண்டில் சென்று, அவர்களோடு அமர்ந்து உண்டு வருவோம். நாற்காலிகளைப் பிரிப்பதற்காக அல்ல, அருகருகே அமர்வதற்காகப் போடுவோம். அதுவே ஆண்டவருக்கு உகந்த யூபிலிக் காணிக்கை.