ஏர்கான் காட்டும் எச்சரிக்கை அறிகுறிகள்



ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டினால், கீழே வாளியை வைத்துச் சமாளிக்கிறோம். அது போதாது. வடிகால் குழாய் அடைத்திருக்கலாம். வடிகட்டியில் தூசி சேர்ந்து, உள்ளே பனி உறைந்திருக்கலாம். இரவில் கழிவறைக்கு எழும்போது ஈரத்தரையில் வழுக்கினால் இடுப்பெலும்பு முறியக்கூடும். தரையைத் துடைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

பூஞ்சை வாடை அடிக்கிறதா? ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் அதிகமாகலாம். ஏர்கானைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

காற்று வந்தும் குளிரவில்லையா? மூடிய அறையில் புழுங்கிக்கொண்டு படுக்காதீர்கள். சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

கருகல் வாடை வந்தாலோ, ஏர்கானைப் போடும்போதெல்லாம் மின்சாரம் துண்டித்தாலோ, உடனே அணைத்துவிடுங்கள். மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டாம். புகை வந்தால் வீட்டைவிட்டு வெளியேறி, குடிமைத் தற்காப்புப் படையை 995 என்ற எண்ணில் அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. வடிகட்டியைக் கழற்ற நீங்களே நாற்காலிமேல் ஏறாதீர்கள். "பிள்ளைகளுக்கு எதற்குச் சிரமம்?" என்று நினைக்க வேண்டாம். வடிகட்டியைக் கழுவப் பத்து நிமிடம் போதும். கீழே விழுந்தால் எழுந்து நடக்கப் பல மாதம் ஆகலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.