சித்தம் கலங்கியவனும் தூக்குக் கயிறும்

(புதுக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



புத்தி சுவாதீனம் இழந்த ஒருவனைத் தூக்கில் போடலாமா? 2014 ஜனவரி 21-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். பெஞ்சுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு ஜில்லாவில் பிறந்த நீதிபதி சதாசிவம் அவர்கள். அன்று 15 பேருடைய தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. கருணை மனுக்களை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டது ஒரு காரணம். மனநோய் மற்றொரு காரணம். தூக்குத் தண்டனைக் கைதிகளின் மனநிலையை வைத்தியர்கள் பரிசோதித்துவர வேண்டுமென்றும் உத்தரவிட்டார்கள்.

இது நியாயந்தானே? எதற்காகத் தன்னைக் கொல்லுகிறார்கள் என்றே அறியாதவனைத் தொங்கவிடுவதால் யாருக்குப் புத்தி வரும்? "கொலைகாரனெல்லாம் பைத்திய வேஷம் போடுவானே!" என்பீர்கள். வேஷமா நோயா என்று பார்க்கத்தான் வைத்தியர் இருக்கிறார். அன்றியும் அந்த 15 பேரையும் யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

நிற்க. இந்த நியாயம் ஏழைக்கு எட்டுமா என்பதே என் கவலை. செய்வது இன்னதென்றோ, தப்பென்றோ அறிய முடியாதபடி அச்சமயத்தில் சித்தம் கலங்கியிருந்தவன் குற்றவாளியல்ல என்று 1860-ம் வருஷத்துப் பீனல் கோடு 84-வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தின் 22-வது பிரிவும் அதையே சொல்லுகிறது. ஆனால் அதை ருசுப்பிக்கும் பாரம் அவன் தலையில்தான். "முன்பு வைத்தியம் பார்த்ததுண்டா? சீட்டு எங்கே?" என்று கேட்டால் நம் கிராமத்தான் எதைக் காட்டுவான்? மந்திரித்த கயிற்றையா? வேப்பிலையடி பட்ட உடம்பையா? பேய் பிடித்தது என்று கோடாங்கி சாட்சி சொன்னால் கோர்ட்டு ஏற்குமா?

குற்றமே செய்யாதவர்களையும் இந்த மூடநம்பிக்கை விடவில்லை. பக்கத்து இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தெய்வசக்தியால் குணமாகுமென்று கொண்டுபோய் விடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். எந்த நீதிபதி அவர்களுக்கு மரண தண்டனை விதித்தார்?

ஆகவே தோழர்களே! மனநோயாளிகள் எல்லாரும் கொலைகாரர்களல்ல, வைத்தியம் வேண்டியவர்கள். வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் கோடாங்கியிடம் ஓடாதீர்கள். இதே புதுக்கோட்டையில் 2017 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கூட்டிச்செல்லுங்கள். கொடுக்கிற சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கயிறு மந்திரிக்கக் கொடுக்கும் காசு பஸ் செலவுக்குப் போதும்.