இருவர் அமரும் வண்டி



பழைய பொருளொன்றை வாங்கியவன் அதன் புகழைப் பாடத் தொடங்கினால் கேட்பவருக்குச் சலிப்புத் தோன்றுவது இயல்பு. ஆயினும், இரண்டே ஆண்டுகள் என்னிடம் இருந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக என் நினைவைவிட்டு நீங்காத ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி இன்று சிறிது பேச விழைகின்றேன்.

அந்நாளில் நான் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் மருத்துவனாகப் பணியாற்றி வந்தேன். ஜாகுவார் கார்கள் உருவான ஊர் அது. 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவா மோட்டார்க் கண்காட்சியில் 'ஈ-டைப்' என்னும் வண்டி வெளிவந்தபோது கண்டவர் அனைவரும் வியந்தனர். மணிக்கு 150 மைல் ஓடும் என்றார்கள்; விலையோ 2,000 பவுனுக்குச் சற்றே அதிகம். அதன் உருவத்தை வகுத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றி வந்தவர். காற்றைக் கிழித்துச் செல்லும் வளைவுகளைக் கணக்குப் போட்டே கண்டவர். நெடிய மூக்கும், கண்ணாடி மூடிய முகவிளக்குகளும் கொண்ட அவ்வண்டியைத் தெருவில் காணும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் ஆஸ்பத்திரிக்குச் செல்வேன்.

அத்தகைய வண்டி எனக்கு எட்டியது எவ்வாறு? 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பிரிட்டனில் பெட்ரோல் பங்கீட்டுச் சீட்டுகள்கூட வழங்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்த நேராமற்போனது வேறு செய்தி. சாலைகளில் மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்று அரசு விதித்தது. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் வண்டிகளைக் கைகழுவப் பலர் முனைந்தனர். 1974இன் தொடக்கத்தில், பத்து வயதான ஈ-டைப் ஒன்று என் சேமிப்புக்குள் அடங்கும் விலைக்கு வந்தது.

என் மனைவி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "இதில் இரண்டு பேர்தானே உட்காரலாம்?" என்றாள். "நாமும் இரண்டு பேர்தானே!" என்றேன்.

பக்கத்து வீட்டில் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரே என் ஆசான். அந்த எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர்கள், மூன்று கார்பரேட்டர்கள். மூன்றும் ஒரே அளவாகக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். அதை அறிய அவர் ஒரு ரப்பர்க் குழாயைத் தந்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டரின் வாயருகிலும் பிடித்து, மூச்சொலி ஒத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். "நோயாளியின் மார்பைக் கேட்பவருக்கு இதுவா கடினம், டாக்டர்?" என்று சிரித்தார். ஞாயிறு காலைகளில் கெனில்வொர்த் வழியாக வார்விக் வரை நாங்கள் இருவரும் சென்று வருவோம். 50 மைல் வேகத்தில் அந்த எஞ்சின் தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும். அதைவிட இனிய இசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

1976 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. என் மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டது. அவளை வண்டியில் அமர்த்திப் பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் ஒருமுறை முனகி அடங்கிவிட்டது. மீண்டும் அழுத்தினேன், அந்த முனகலும் இல்லை. உறைபனியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. விளக்கொளி கண்ட பெரியவர் இரவு உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, தம் சிறிய காரில் எங்களை ஏற்றிச்சென்றார். விடியுமுன் எங்கள் மகள் பிறந்தாள்.

மறுநாள் வண்டியைக் கடுமையாகப் பழித்தேன். பெரியவர் பாட்டரியைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இதன்மேல் குற்றமில்லை, டாக்டர். ஒரு வாரமாகக் காலையில் இது சோர்ந்து சுழல்வதை நான் என் வீட்டிலிருந்தே கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையா?"

கேட்டிருந்தேன், நேயர்களே. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். மேலும் ஒன்றும் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் என் மனைவியும் இரவில் உறக்கமில்லை என்று சொல்லி வந்தாள். அதையும் அவ்வாறே கேட்டேன். ஓடும்போது எழும் இசையைக் காதலித்தவன், தளரும்போது எழும் ஒலிக்குச் செவி கொடுக்கவில்லை.

வசந்தத்தில் வண்டியை விற்றுவிட்டேன். அதை ஓட்டிச்சென்ற இளைஞன் தெருமுனை திரும்பும்வரை, கைக்குழந்தையுடன் என் மனைவியும் வாசலில் நின்று பார்த்தாள். "எனக்கும் அதன் சத்தம் பிடிக்கும்" என்றாள். அதை அதற்குமுன் அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

இன்று அவ்வகை வண்டிகளைச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பேணுகின்றனர். விற்றதற்காக நான் வருந்தவில்லை. அந்த ரப்பர்க் குழாய் மட்டும் இன்றும் என் மேசை அறையில் இருக்கிறது.